அம்மா கேட்ட கால் அளவு

பிஷ்கெக், 1998 நவம்பர் 6

அன்புள்ள கலிப்பா அக்காவுக்கு,

மாடு கன்று சௌக்கியமா, மனிதர்கள் சௌக்கியமா? அம்மாவின் நெஞ்சுச் சளி இறங்கியதா? நான் நன்றாக இருக்கிறேன், தூக்கம் மட்டும்தான் இல்லை.

நேற்று இல்லத்தைத் திறந்துவிட்டோம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பாலர் பள்ளி பூட்டிக் கிடந்தது என்று சொன்னேனே, அதுதான். வீடில்லாதவர்கள் குளிர்காலத்தை அங்கே கழிக்கலாம். படுக்கை, சூப், வெந்நீர்க் குளியல் உண்டு. வாரம் ஒரு முறை டாக்டர் வருவார். அடையாள அட்டை தொலைந்தவர்களுக்கு அதை வாங்கித் தருவது, சொந்தக்காரர்களைத் தேடிப் பிடிப்பது இரண்டும் என் வேலை. மார்ச் 21, நௌரூஸ் பண்டிகை வரைக்கும்தான் நகராட்சி சாவியைக் கொடுத்திருக்கிறது. அன்றைக்கே திருப்பித் தந்துவிட வேண்டும்.

திறக்கும்போதே தெருக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "எங்க பிள்ளைங்க நடமாடுற தெருவுல குடிகாரங்களைக் கொண்டாந்து வைக்கிறியே, உன் வீட்டுல வெச்சுக்கயேன்" என்றான் ஒரு தடியன். "என் வீடு ஒரே ரூம்தான். நீ வந்து ஒரு சுவரை இடிச்சுக் குடு, வெச்சுக்கிறேன்" என்றேன். சாயங்காலம் அதே ஆள் இரண்டு வாளி நிலக்கரியைப் படியில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும். நம் தம்பி மைராம்பெக் இந்த ஊருக்கு வந்து காணாமல் போய் இது மூன்றாவது குளிர்காலம். கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரின் தொப்பியையும் தூக்கி முகத்தைப் பார்க்கிறேன். அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

உன் தங்கை சைகால்

*

கோக்-ஜார், நவம்பர் 24

அன்புத் தங்கை சைகாலுக்கு,

உன் கடிதம் வந்தது. மாடுகள் நலம், கிடாரி சினையாக இருக்கிறது. அம்மாவுக்குச் சளி இறங்கவில்லை, வாய் மட்டும் குறையவில்லை.

நீ சொல்லாதே என்றதைத் தவிர மற்றதைப் படித்துக் காட்டினேன். "கிர்கிஸ்காரனுக்கு வீடு இல்லையா? அவனுக்குச் சித்தப்பன் இல்லையா, மாமன் இல்லையா? பாலர் பள்ளியில போய் யாராவது படுப்பாங்களா?" என்று உன்னைத் திட்டினாள். அப்புறம், "அங்க வர்றவங்களுக்கு முதல்ல சோறு போடச் சொல்லு. திட்டுறதெல்லாம் அப்புறம்" என்றாள். யாரை நினைத்துச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் அந்தக் கருப்பு வெல்வெட் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். மைராம்பெக் சின்ன வயதில் அதன் பொத்தானை அறுத்து விளையாடித் தொலைத்தான், நினைவிருக்கிறதா? பட்டாளத்திலிருந்து வந்ததும் தன் சட்டையிலிருந்த பித்தளைப் பொத்தானைத் தைத்துக் கொடுத்தான். அதைத்தான் ஓயாமல் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஊரில் ஒரு கொடுமை நடந்தது. சார்த்பாய் பெரியவரின் மகன் சைபீரியாவில் மரம் வெட்டப் போயிருந்தானே, அவன் இறந்துவிட்டான். கூட வேலை பார்த்த ஒரு மடையன் அதைக் கடிதத்தில் எழுதி அனுப்பிவிட்டான். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறார். கை பிடிக்க ஒரு ஆள் இல்லை. ஊரே கொதிக்கிறது. நாலு பேர் நேரில் வந்து, உட்கார வைத்து, சுற்றி உட்கார்ந்து, மெல்ல மெல்லச் சொல்ல வேண்டியதை உறைக்குள் போட்டு அனுப்பினால் அவன் மனுஷனா? அவன் விட்டுப் போன துணிகளை முறைப்படி இல்லாதவர்களுக்குக் கொடுத்தாயிற்று. அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. "என்னைப் பத்தியும் யாரும் தபால்ல எழுதக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். அவள் பேச்சை விடு.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவின் முத்தங்கள்.

கலிப்பா

*

பிஷ்கெக், டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமா? கிடாரி சுகமா? அம்மாவைக் கொதிக்கக் கொதிக்க வெண்ணெய் போட்ட பால் குடிக்கச் சொல்.

இங்கே எல்லாமே குட்டிக் குட்டியாக இருக்கிறது. குழந்தைக் கட்டில்கள் இரண்டைச் சேர்த்துப் போட்டு ஒரு ஆள் படுக்கிறான். ஆறடி ஆம்பிளைகள் முழங்கால் காதைத் தொட, குட்டி நாற்காலியில் உட்கார்ந்து சூப் குடிக்கிறார்கள். பிள்ளைகள் சட்டை மாட்டிவைத்த பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. எழுத்துத் தெரியாத வயதில்லையா, அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு படம். வருகிறவர் ஆளுக்கு ஒரு பெட்டி எடுத்துக்கொள்கிறார். பெயரைச் சொல்ல வெட்கப்படுகிறவர்களை நாங்கள் படத்தை வைத்துத்தான் கூப்பிடுகிறோம். காளான், முயல், செர்ரிப்பழம்.

செர்ரிப்பழம் ஒரு ரஷ்யக் கிழவி. பெயர் தமாரா. மகன் ஜெர்மனிக்குப் போனான், கூட்டிப் போகிறேன் என்று வீட்டை விற்றான், கூட்டிப் போகவில்லை. குளிருக்குச் செய்தித்தாளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்தாள். இப்போது சமையலறை அவள் ராஜ்ஜியம். "உப்பு யார் போட்டது? நீயா? படிச்சவளுக்கு உப்பு போடத் தெரியாதா?" என்று என்னையே விரட்டுகிறாள்.

அவன் இன்னும் வரவில்லை.

சைகால்

*

பிஷ்கெக், 1999 ஜனவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். மைராம்பெக் கிடைத்துவிட்டான். அம்மாவிடம் உடனே சொல். இதைப் படித்து முடிக்கும் முன்னே போய்ச் சொல்லிவிட்டு வா.

சொல்லிவிட்டாயா? உயிரோடு இருக்கிறான், என்னோடு பேசினான், சாப்பிட்டான். ரயில்வே கிடங்கில் ஏதோ வேலை, இப்போது லீவு கிடைக்காது. நௌரூஸுக்கு வந்து நம் வீட்டு வாசலில் நிற்பான். அவனே ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. கேட்கக் கூடாது என்று அவன் ஆணை. அம்மாவையும் கேட்க விடாதே.

இல்லத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. புதிதாக ஒருத்தன் வந்திருக்கிறான், வாத்துப் படம் போட்ட பெட்டிக்காரன். இளவயசு. போன குளிர்காலத்தில் தெருவில் படுத்து, இடது பாதத்தைக் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள், வலது காலில் விரல்கள் இல்லை. சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, கையால் தரையைத் தள்ளிக்கொண்டு வந்தான். நான் வழக்கம்போலக் குனிந்து தொப்பியைத் தூக்கினேன்.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை அக்கா. சளி பிடித்திருக்கிறது, கண்ணெல்லாம் நீர்.

சைகால்

*

கோக்-ஜார், ஜனவரி 19

என் கண்ணே சைகால்,

நீ நூறு வயசு இருக்க வேண்டும். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து நின்றாள். கம்பைத் தேடவில்லை, என்னைத் தேடவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் மாவில் கை வைத்தாள். ஊரெல்லாம் போர்சோக் ரொட்டி பொரித்துக் கொடுத்தாயிற்று. சார்த்பாய் பெரியவர்கூட வந்து ஒன்று எடுத்து வாயில் போட்டு, "உன் பையன் வர்றானா, சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டு அழுதார்.

இப்போது ஒரு முக்கியமான சமாச்சாரம். அம்மா ஒட்டக ரோமத்தை எடுத்து நூற்று வைத்திருக்கிறாள். மைராம்பெக்குக்குக் காலுறை பின்னப் போகிறாளாம். "கோடைச் செருப்போட போனான் அந்தக் கழுதை. கால் எவ்வளவு வளந்துச்சோ" என்கிறாள். இருபத்தாறு வயதில் கால் வளருமா என்று கேட்டேன், எனக்கு அடி விழுந்தது. அவன் பாதத்தை ஒரு காகிதத்தில் வைத்து, சுற்றி வரைந்து அனுப்பு. இரண்டு பாதமும் வேண்டும் என்கிறாள், இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருக்குமாம்.

அவள் இருமல்தான் கொஞ்சம் கூடியிருக்கிறது. சந்தோஷத்தில் குளிரில் அலைகிறாள். நான் சொன்னால் கேட்கிறாளா?

உன் வாத்துக்காரனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. எந்த வீட்டுப் பிள்ளையோ. அவன் அம்மாவுக்குத் தெரியுமா? தெரிய வேண்டாம்.

அளவை மறக்காதே.

கலிப்பா

*

பிஷ்கெக், ஜனவரி 31

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள்? இருமல் கூடியது என்றாயே, ஊருக்கு டாக்டர் வருகிறாரா?

கால் அளவு பழையதுதான், வித்தியாசம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்த அளவிலேயே பின்னட்டும்.

ஊர்ப் பெண்களிடம் பழைய துணி கேட்டுப் பார். கம்பளிச் சட்டை, கோட்டு, சால்வை, எதுவானாலும் சரி. இங்கே சனங்கள் கூடிவிட்டார்கள், துணி போதவில்லை. ரொட்டி லாரிக்காரரிடம் கொடுத்தால் கொண்டு வந்து சேர்ப்பார்.

வாத்துக்காரனுக்கு இங்கே தங்கியிருக்கிற தச்சர் ஒருவர் ஒரு மரப் பாதம் செய்து கொடுத்தார். தினமும் சுவரைப் பிடித்து நடந்து பழகுகிறான். விழுகிறான், எழுகிறான், மறுபடியும் விழுகிறான். தமாரா கரண்டியோடு பின்னாலேயே போகிறாள். "விழுந்தா எந்திரி. தரையைக் கூட்டினது நான், அழுக்காக்காத" என்கிறாள். எதற்கு இவ்வளவு அவசரப்படுகிறாய் என்று கேட்டேன். "அம்மா முன்னாடி பலகையில தவழ்ந்து போகணுமா? நடந்து போய் வாசப்படி தாண்டணும். அவ்வளவுதான். அதுக்கப்புறம் உக்காந்துக்கலாம்" என்றான்.

மைராம்பெக் நன்றாக இருக்கிறான்.

சைகால்

*

கோக்-ஜார், பிப்ரவரி 16

சைகாலுக்கு,

பனிச்சரிவில் கணவாய் அடைத்துக்கொண்டது. தந்திக் கம்பியும் விழுந்துவிட்டது. இப்போதுதான் லாரி விடுகிறார்கள், அதில் இதை அனுப்புகிறேன்.

நீ கேட்ட துணிகள் பெட்டியில் இருக்கின்றன. ஊர்ப் பெண்கள் கொடுத்தது கீழே, நம் வீட்டிலிருந்து வந்தது மேலே. மேலே இருப்பதை நீயே உன் கையால் எடுத்துப் பார். பார்த்துவிட்டு, யாருக்கு ரொம்பத் தேவையோ அவருக்குக் கொடு. அப்படித்தான் கொடுக்க வேண்டும்.

காலுறையும் இருக்கிறது. ஒன்று முடிந்தது. இன்னொன்று மேலிருந்து குதிகால் வரைக்கும்தான் வந்தது.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவளுக்கு இப்போது இருமல் இல்லை. வலியும் இல்லை.

முடிந்தால் உடனே வா. சார்த்பாய் பெரியவரும் மற்றவர்களும் உன்னிடம் பேச வேண்டும் என்கிறார்கள். நான் வந்திருப்பேன், இப்போது இந்த வீட்டை விட்டு நகர முடியாது. வா சைகால்.

கலிப்பா

*

பிஷ்கெக், மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது என்று படித்ததும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. பெட்டி வந்தது. மேலே அம்மாவின் கோட்டையே வைத்திருக்கிறாயே. என்ன மனசு அவளுக்கு. முதலில் என்னைத் திட்டினவள்தான், கடைசியில் தன் உடம்பில் இருந்ததையே கழற்றிக் கொடுத்துவிட்டாள். தமாராவுக்குப் போட்டுவிட்டேன், கச்சிதமாக இருக்கிறது. கோட்டு இல்லாமல் அம்மா குளிரில் உட்காரப் போகிறாள், என் ஆட்டுத்தோல் கோட்டை நௌரூஸுக்குக் கொண்டு வருகிறேன். ஊர்ப் பெரியவர்கள் பேச வேண்டும் என்றால் எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த வயதில் வேண்டாம் என்று சொல்லிவிடு.

இனி உன்னிடம் மறைக்க என்னால் முடியாது அக்கா. வாத்துக்காரன் நம் மைராம்பெக்தான். கிடங்கும் பொய், லீவும் பொய். நடந்து வீட்டுக்குள் போகிற வரைக்கும் யாருக்கும் எழுதக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினான். பெட்டி வருகிறவரைக்கும் சுவரை விட்டுவிட்டு, கம்பு மட்டும் ஊன்றிக் கூடத்தைத் தாண்டுகிற அளவுக்கு வந்திருந்தான். நானும் தமாராவும் கை தட்டினோம்.

அன்றைக்குத் தமாரா கோட்டைப் போட்டுக்கொண்டு சூப் கொண்டுவந்தாள். அவன் பார்த்தான். கிட்டே கூப்பிட்டு, அந்தப் பித்தளைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டான். "இதை யார் அனுப்புனாங்க?" என்றான். "அம்மாடா, இல்லத்துக்குக் குடுத்திருக்கா" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "சரிக்கா" என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து மரப் பாதத்தைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடக்கிறான். என்னடா என்றால் என்னைத்தான் பாவமாகப் பார்க்கிறான்.

இல்லத்தை மூட இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்குள் அவன் எழுந்து நடக்காவிட்டால் ஊருக்கு வர மாட்டான். மறுபடியும் பலகையில் ஏறித் தெருவுக்குப் போய்விடுவான். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னால் ஒரு உதவி வேண்டும். அம்மாவிடம் எப்படியாவது சொல்லி, அவள் வாயால் அவனுக்கு ஒரு வார்த்தை வாங்கி எழுதி அனுப்பு. திட்டாக இருந்தாலும் பரவாயில்லை. அவள் சொன்னால் எழுந்துவிடுவான், வேறு யார் சொன்னாலும் மாட்டான்.

சைகால்

*

கோக்-ஜார், மார்ச் 9

என் தங்கமே,

உன் கடிதத்தைத் தொழுவத்தில் வைத்துப் படித்தேன். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன், வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

அம்மாவின் ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கிறாய். நான் ஒன்றைக் கட்டி எழுதியிருக்கலாம். எழுதிப் பார்த்தேன், அடுப்பில் போட்டுவிட்டேன். அவள் நிஜமாகச் சொன்னதை எழுதுகிறேன். காய்ச்சல் கொதிக்கும்போதும் ஊசியை விடவில்லை. அளவு வந்ததா, அளவு வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "வந்திருச்சும்மா, சரியா இருக்கு" என்றேன். "அப்ப சரி, இனி அவன் கால் குளிராது" என்றாள்.

நான் உனக்கு எழுதியதில் பொய் எதுவும் இல்லை. போன கடிதத்தை எடுத்து மறுபடியும் படிக்கத் தோன்றும். படிக்காதே. தனியாக இருந்தால் எதையும் படிக்காதே. அம்மா என்னிடம் என்ன சத்தியம் வாங்கினாள் என்று உனக்குத் தெரியும், என் கை அதற்கு மேல் போகாது.

அந்தக் கோட்டை உனக்காக அனுப்பினேன். நீ டவுன்காரி ஆகிவிட்டாய், உன்னிடம் அது பேசவில்லை. அவனிடம் பேசிவிட்டது. அவன் அங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாதே சைகால். தெரிந்திருந்தால் அனுப்பியிருப்பேனா?

இந்தக் கடிதத்தை அவனிடம் கொடு. அவன் பக்கத்தில் உட்கார். அவன் சொல்வான்.

மைராம்பெக், நீதான் சொல்ல வேண்டும் தம்பி. இந்த வீட்டுக்கு ஆம்பிளை நீ.

கலிப்பா

*

பிஷ்கெக், மார்ச் 17

கலிப்பா அக்காவுக்கு மைராம்பெக் எழுதுவது,

நீ சுகமா? கிடாரி கன்று போட்டதா? நான் பேனா பிடித்து வெகு காலம் ஆகிறது, எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

சொல்லிவிட்டேன். முறையாகத்தான் சொன்னேன். உன் கடிதம் முதலில் என் கையில்தான் கிடைத்தது, அவள் பிரிக்கவில்லை. பெரியவர்களுக்கு எங்கே போவது? இங்கே இருக்கிறவர்களை எழுப்பினேன். காளான் முகம் கழுவித் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். முயல் வந்தார். தமாரா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் குட்டி நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். சைகால் அக்கா உள்ளே வந்து, "என்ன, எல்லாருமா சேந்து சூப் சரியில்லன்னு சண்டைக்கு வந்திருக்கீங்களா?" என்று சிரித்தாள்.

"உக்காருக்கா" என்றேன். உட்கார்ந்தாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அப்போதும் புரியாத மாதிரியே இருந்தாள். பிறகு, "அக்கா, கோட்டு இங்க வந்திருச்சு. போட்டிருந்தவங்க எங்க?" என்று கேட்டேன்.

தமாராவைப் பார்த்தாள். பொத்தானைப் பார்த்தாள். "ஐயோ, நானே எடுத்துக் குடுத்தேனேடா" என்றாள். அதற்குள் தமாரா ஒரு கையையும் காளான் ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பெண்கள் செய்வதுபோல சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஒப்பாரி பாட அவளுக்குத் தெரியவில்லை, அம்மா அம்மா என்று மட்டும் சொன்னாள். தமாரா ரஷ்ய மொழியில் கூடவே அழுதாள். யாருமே இல்லாத மனுஷர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து எங்கள் அம்மாவுக்காக அழுதார்கள் அக்கா. அதனால் அவள் தனியாகக் கேட்கவில்லை, நீ கவலைப்படாதே.

தமாரா கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். நாங்கள் வாங்கவில்லை, போட்டுக்கொள்ளச் சொன்னோம். சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு அவளுக்குப் போக இடமில்லை. நம்மோடு கூட்டி வருகிறோம். உப்புக்கு உன்னோடு சண்டை போடுவாள், பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த மறுநாளே எழுந்துவிட்டேன். வாசப்படியைத் தாண்டிக் காட்ட அங்கே யாரும் இல்லை என்றுதான் படுத்துக்கிடந்தேன். நீ இருக்கிறாய் என்பது எனக்குத் தோன்றவில்லை, மன்னித்துவிடு. நாற்பதாம் நாள் சடங்குக்கு வந்துவிடுவோம். எங்களுக்குச் சொல்ல ஊர் எல்லைக்குக் குதிரையில் யாரையும் அனுப்பாதே. நாங்கள் கேட்டாயிற்று. நீ கதவை மட்டும் திறந்து வை.

காலுறையைப் போட்டுக்கொண்டேன். முடித்த காலுறை வலதுக்கு, விரல் பக்கம் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. மடித்து உள்ளே விட்டுக்கொண்டேன். குதிகால் வரைக்கும் பின்னியதை இடது காலுக்குப் போட்டு, முனையை நூலால் இழுத்துக் கட்டினேன். அதற்கு மேல் ஒரு வரிசைகூட வேண்டியிருக்கவில்லை அக்கா, அளவு சரியாக இருக்கிறது.

உன் தம்பி
மைராம்பெக்